திரைகடல் வேந்தனைக் கட்டிய விதம்

மிக்கேல்ராஜுக்கும் கடலுக்கும் இருந்த உறவு இவ்வளவுதான்: ஒருமுறை எலிஃபெண்டா தீவுக்குப் போகிற லாஞ்சில் ஏறினார். போகிற வழியெல்லாம் வாந்தி எடுத்தார். திரும்பி வருகிற வழியில் எடுப்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை.

பிறந்தது, வளர்ந்தது பம்பாயில், ஆண்டாப் ஹில். வேலை வாஷியில், ஒரு கம்பெனியின் நிர்வாகப் பிரிவில். கல்யாணத்துக்கு அப்புறம் குடித்தனம் செம்பூர். ஆனால் அவருடைய அப்பாவின் ஊர் தூத்துக்குடிக்குத் தெற்கே கடலை ஒட்டிய ஊர். ஊர்ப் பெயரைச் சொன்னதும் விவரம் தெரிந்தவர்கள், "ஓ, கடற்கரை ஆளா?" என்பார்கள். மிக்கேல்ராஜ் மறுக்க மாட்டார். லேசாகக் கண்ணைச் சுருக்கி, தொலைவில் பாய்மரம் ஏதோ தெரிகிறது போல ஜன்னலுக்கு வெளியே பார்ப்பார். அவ்வளவே. அது பொய் ஆகாது என்பது அவர் கட்சி.

செம்பூர் தென்றல் தமிழ்ச் சபையில் அவருக்கு நெடுங்காலமாக நாற்காலிப் பொறுப்பு. பொங்கல் விழாவா, பட்டிமன்றமா, இரங்கல் கூட்டமா, எதுவானாலும் பிளாஸ்டிக் நாற்காலிகளை வரவழைத்து, வரிசையாகப் போட்டு, முடிந்ததும் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கித் திருப்பி அனுப்புவது அவர் வேலை. மேடையில் பேசுகிறவர் யார், என்ன பேசினார் என்று அவருக்குத் தெரிந்ததே இல்லை. அவருக்குத் தெரிந்ததெல்லாம் எந்த நாற்காலிக்குக் கால் ஆடுகிறது என்பதுதான்.

இந்த நிலையில்தான் சபைத் தலைவி சுப்புலக்ஷ்மிக்கு ஒரு யோசனை உதித்தது. அவர் வங்கியில் பெரிய பதவியிலிருந்து ஓய்வு பெற்றவர். எந்தக் கூட்டத்தில் எதைப் பற்றிப் பேசத் தொடங்கினாலும் மூன்றாவது நிமிஷம் சோழர் கடற்படையில் போய் இறங்குவார். சபைக்கு ஒரு கடலோடிப் பிரிவு வேண்டும், அதற்கு ஒரு பாய்மரப் படகு வேண்டும், நம் குழந்தைகள் அலையோடு விளையாட வேண்டும் என்றார். தாராவியிலிருந்து பாதி பம்பாய்க்கு இட்லி மாவு அனுப்பும் சுடலைக்கண்ணன் படகுக்கு ஆகிற செலவை ஏற்றுக்கொண்டார். குர்லாவில் பை தைக்கும் பட்டறை வைத்திருக்கும் ஹமீது, யாரோ கழித்துக் கட்டிய ஒரு சின்னப் பாய்மரப் படகைத் தேடிப் பிடித்தார். கிழிந்த பாயைத் தன் பட்டறையிலேயே ஒட்டுப் போட்டுத் தைத்தார். உற்றுப் பார்த்தால் பாயின் ஓரத்தில் ஒரு ஸ்கூல் பையின் ஜிப் இருப்பது தெரியும். படகுக்குத் 'திரைகடல் வேந்தன்' என்று பெயர் வைத்தார்கள்.

"சரி, வேந்தனை யார் ஓட்டறது?" என்று கூட்டத்தில் கேள்வி வந்தது.

எல்லாத் தலைகளும் திரும்பின. அந்த நேரம் மிக்கேல்ராஜ் கைக்கு இரண்டாக நான்கு நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்துகொண்டிருந்தார்.

"இவர் இருக்கறச்சே என்ன யோசனை? இவா ரத்தத்துலயே உப்பு இருக்கே" என்றார் சுப்புலக்ஷ்மி.

ரத்தத்தில் உப்பு இருப்பதாகப் போன மாதம் டாக்டரும் சொல்லியிருந்ததால் மிக்கேல்ராஜுக்கு அதை மறுக்கத் தோன்றவில்லை. நாற்காலிகளைக் கீழே வைத்தார். வாழ்க்கையில் முதல்தடவையாக யாரோ ஒருவர் ஓடிவந்து அவற்றை எடுத்துக்கொண்டார். அந்த ஒரு நிமிஷத்தில் அவருக்கு ஒன்று தெளிவாக விளங்கியது. கேப்டன் ஆகிவிட்டால் இனி நாற்காலி தூக்க வேண்டாம். படகு விஷயத்தில் குட்டு உடைந்தால் சாகும்வரை நாற்காலிதான்.

வீட்டில் ஜாக்குலின் விஷயத்தைக் கேட்டுவிட்டுக் குக்கர் மூடியைக் கையில் வைத்தபடி நின்றார்.

"உங்களுக்குப் படகு கெட்டத் தெரியுமா?"

"கயிறுதானே."

"போன தீபாவளிக்கு மாடில கெட்டின கொடி அறுந்து அம்புட்டுத் துணியும் கீழ்வீட்டுக்காரன் தலைல விழுந்துச்சே, அதுவும் கயிறுதான்."

மிக்கேல்ராஜ் பால்கனிக்குப் போய் ஊருக்குப் போன் போட்டார். சித்தப்பா மகன் ஏஞ்சலோ அங்கே நிஜமாகவே கடலுக்குப் போகிறவன்.

"இதுல என்ன இருக்குண்ணே" என்றான் ஏஞ்சலோ. "முன்னால ஒரு கயிறு, பின்னால ஒரு கயிறு. ரெண்டையும் நல்லா இழுத்து, சொவரோட ஒட்டக் கெட்டுங்க. தொய்வு விட்டியன்னா அல தூக்கி சொவத்துல அடிச்சிப்போடும். இங்க தொறமொகத்துல நாங்க அப்படித்தான் கெட்டுதோம்."

ஏஞ்சலோ சொன்னது முழு உண்மை. அந்தக் கரையில் கடல் ஏறினாலும் இறங்கினாலும் முழங்கால் அளவைத் தாண்டாது. பம்பாய்க் கடல் ஒரே நாளில் ஓர் ஆள், இரண்டு ஆள் உயரம் ஏறி இறங்கும். ஏஞ்சலோ பம்பாய்க் கடலைப் பார்த்ததில்லை. மிக்கேல்ராஜ் பார்த்திருக்கிறார், பேல் பூரி தின்றுகொண்டு பார்த்தார். ஹை டைட், லோ டைட் என்பதெல்லாம் அவரைப் பொறுத்தவரை மழைக்காலத்தில் டிவியில் சொல்வது, குர்லாவில் ரயிலை நிறுத்துவது. அது ரயில்வே சமாச்சாரம் என்றே அவர் எண்ணியிருந்தார்.

விழாவுக்குக் குறித்த இடம் ட்ராம்பேயில் மீனவர்களின் படகுத்துறை. கல்லால் கட்டிய உயரமான மேடை. அதன் விளிம்பில் இரும்பு வளையங்கள். ஞாயிறு காலை மிக்கேல்ராஜ் போய்ச் சேர்ந்தபோது தண்ணீர் நிறைந்து, மேடையின் விளிம்பைத் தொட்டுக்கொண்டு நின்றது. மோட்டார் படகு ஒன்று திரைகடல் வேந்தனை இழுத்துவந்து விட்டுவிட்டுப் போனது. படகின் விளிம்பும் மேடையும் ஒரே மட்டம். திண்டில் உட்காருகிற மாதிரி காலைத் தூக்கி வைத்தால் படகு.

சுப்புலக்ஷ்மி பட்டுப்புடவையும் கறுப்புக் கண்ணாடியுமாக வந்து பார்த்தார்.

"மிக்கேல், படகு ஆடப்படாது. சீஃப் கெஸ்ட் சுடலைக்கண்ணன் கால் வைக்கறச்சே ஆடித்துன்னா அபசகுனம். அவருக்கு முழங்கால் வலி வேற."

"ஆடாது மேடம்."

அவர் தலைமாட்டிலும் கால்மாட்டிலும் கயிற்றைப் போட்டு, வளையத்தில் கொடுத்து, ஹமீதையும் கூடச் சேர்த்துக்கொண்டு பல்லைக் கடித்து இழுத்தார். முடிச்சின் மேல் முடிச்சு, அதன் மேல் இன்னொரு முடிச்சு. போட்டது என்ன முடிச்சு என்று அவருக்கே தெரியாது என்பதால் பத்திரத்துக்குப் பல போட்டார்.

"ஏக்தம் டைட், கேப்டன் சாப்" என்றார் ஹமீது, படகை உதைத்துப் பார்த்து. "பில்டிங் மாதிரி நிக்குது."

பக்கத்தில் மீனவர்களின் படகுகள் நீளமான கயிறுகளில், தொய்ந்து போய், இஷ்டத்துக்கு மிதந்துகொண்டிருந்தன. மிக்கேல்ராஜ் அவற்றைப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டார். ஒரு ஒழுங்கு வேண்டாமா?

படகுக்கும் ஜனங்களுக்கும் நடுவில் பலகை போட்ட விழா மேடை. மேடையின் பின்னால் பெரிய பேனர். அதில் அலைமேல் சுடலைக்கண்ணன் நின்றார். கீழே 'மாவுலக மாமன்னர்' என்று எழுதியிருந்தது. பேனருக்கு மேலே பாய்மரத்தின் உச்சியும் அதில் கட்டிய சபைக் கொடியும் தெரிந்தன. மிக்கேல்ராஜுக்கு மேடையில் ஆசனம். வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சராய், ஹமீது அன்பளிப்பாகத் தைத்துக்கொடுத்த தொப்பி.

அழைப்பிதழில் பத்தரை மணி என்று போட்டிருந்தது. மாமன்னர் வரவில்லை. பதினொன்றுக்கும் வரவில்லை. எமகண்டம் தொடங்க ஐந்து நிமிஷம் இருக்கையில் வந்து இறங்கினார்.

"சயான்ல டிராபிக்" என்றார்.

இனி என்ன செய்வது? எமகண்டத்தில் படகைத் தொடக்கூடாது என்று சுப்புலக்ஷ்மி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஒன்றரை மணிவரை எதையாவது செய்து நேரத்தை நகர்த்த வேண்டும். இதில் சபைக்கு எப்போதுமே கஷ்டம் இருந்ததில்லை. பொன்னாடைகள் வெளியே வந்தன. தலைவி மாமன்னருக்குப் போர்த்தினார். மாமன்னர் தலைவிக்குப் போர்த்தினார். செயலாளர் இருவருக்கும் போர்த்தினார். சோழர் கடற்படை இரண்டுமுறை புறப்பட்டுப் போய் வென்று திரும்பியது.

"மிக்கேல், முன்வரிசைல ரெண்டு சேர் கம்மியா இருக்கு, கொஞ்சம் பாருங்கோ" என்று தலைவி மைக்கிலேயே சொன்னார்.

கேப்டன் தொப்பியோடு இறங்கிப் போய் இரண்டு நாற்காலிகளை எடுத்துப் போட்டார். நிமிர்ந்தபோது பேனர் கண்ணில் பட்டது. கொடி இருந்தது. ஆனால் நேராக நிற்கவில்லை. யாரோ கூப்பிட்டதற்குத் தலையைச் சாய்த்துக் கேட்பதுபோல அந்தப் பக்கம் சாய்ந்திருந்தது.

காற்றாக இருக்கும் என்று நினைத்தார். மேடையேறி உட்கார்ந்தார். பின்னாலிருந்து 'கிறீச்' என்று ஒரு சத்தம் வந்தது. மைக்காரன் வேகமாக எழுந்து ஏதோ ஒரு குமிழைத் திருகினான். மறுபடியும் 'கிறீச்'. மைக்காரன் இன்னொரு குமிழைத் திருகினான்.

மறுபடி நாற்காலி கேட்டார்கள். மறுபடி இறங்கினார். இப்போது கொடியில் பாதிதான் தெரிந்தது. பேனர் வளர்ந்துவிட்டதா? வெயிலில் துணி நீளுமா? மேடை மேலே எழும்புகிறதோ என்று குனிந்து பார்த்தார். அப்படி ஒன்றும் தெரியவில்லை. மூன்றாம் முறை நாற்காலி கேட்க ஆளில்லாதபோதும் அவராகவே இறங்கிப் போனார். கொடியே இல்லை.

ஹமீதை ஓரமாக இழுத்தார். "பாய், கொடியை யாராவது கழட்டினாங்களா?"

"கொடிய யாரு கழட்டுவா? அதுல சட்டைகூடத் தைக்க முடியாது."

இருவரும் பேனரைச் சுற்றிக்கொண்டு பின்னால் போனார்கள்.

மிக்கேல்ராஜ் முதலில் கடலைத்தான் தேடினார். காலையில் காலடியில் நின்ற தண்ணீர் எங்கோ தொலைவில் ஒரு கோடாக மின்னியது. நடுவில் இருந்ததெல்லாம் கறுப்புச் சேறு. மீனவர்களின் படகுகள் அந்தச் சேற்றில் வயிறு படிய நிம்மதியாகப் படுத்திருந்தன. திரைகடல் வேந்தன் மட்டும் தண்ணீரோடு கீழே போகவில்லை. ஆணியில் மாட்டிய கோட்டு மாதிரி, இரண்டு கயிற்றில், ஒருக்களித்து, சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே ஒன்றரை ஆள் உயரத்துக்கு ஒன்றுமில்லை. கயிறு முனகும்போதெல்லாம் 'கிறீச்'.

"கடல் எங்க போச்சு?" என்றார் மிக்கேல்ராஜ்.

"காலைல இங்கதான் இருந்துச்சு" என்றார் ஹமீது, சாட்சி சொல்கிறவரைப் போல.

முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார்கள். படகின் பாரம் முழுவதும் இழுத்து, எல்லா முடிச்சும் ஒன்றாகி, புளியங்கொட்டை மாதிரி இறுகியிருந்தது. அந்த நேரத்தில்தான் பேனருக்கு அந்தப் பக்கம் கைதட்டல் எழுந்தது. எமகண்டம் முடிந்துவிட்டது. நாதஸ்வரம் ஸ்பீக்கரில் அலற, ஏழு பொன்னாடையோடு மாமன்னரும், அவர் பின்னால் தலைவியும், அவர்கள் பின்னால் சபையும் வந்து நின்றார்கள்.

மாமன்னர் எட்டிப் பார்த்தார்.

"என்னவே இது, படகு சொவத்துல தொங்குது?"

எல்லோரும் கேப்டனைப் பார்த்தார்கள். மிக்கேல்ராஜின் கண்ணுக்கு முன்னால் வாழ்நாள் முழுவதற்குமான பிளாஸ்டிக் நாற்காலிகள் வானம் தொடும்படி அடுக்கடுக்காக நின்றன. அவர் வாய் தானாகத் திறந்தது.

"எங்க ஊர் வழக்கம், அண்ணாச்சி. புதுப் படகு தானாத் தண்ணியத் தொடக் கூடாது. தூக்கிக் கெட்டி வச்சு, பெரியவங்க கையால கயிறறுத்துத்தான் எறக்கணும்."

 சுப்புலக்ஷ்மி கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார்.

"சோழர் காலத்துலயும் இப்படித்தான். நான் படிச்சிருக்கேன்."

அவர் படித்திருக்கவில்லை. ஆனால் சோழர் காலத்து விஷயம் ஒன்று தன்னைக் கேட்காமல் நடந்திருக்கும் என்று அவரால் நம்ப முடியாது.

"கீழ தண்ணி இல்லியேவே" என்றார் மாமன்னர்.

"வரும் அண்ணாச்சி" என்றார் ஹமீது. "பம்பாய்ல தண்ணி என்னைக்கு நேரத்துக்கு வந்திருக்கு?"

இது எல்லோருக்கும் புரிந்தது. சமையல்காரரிடமிருந்து பூசணிக்காய் வெட்டும் கத்தி வந்தது. தலைவி அதற்கு ஒரு ரிப்பன் கட்டினார். மாமன்னர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து தலைமாட்டுக் கயிற்றை அறுத்தார். அறுக்க அறுக்கக் கயிறு வீணைத் தந்தி மாதிரி முனகியது. பிறகு பட்டென்று அறுந்தது.

படகின் தலை சடாரென்று கீழே போனது. ஒரு கணம் வால் கயிறு ஒன்றில் நெட்டுக்குத்தாகத் தொங்கியது. அப்புறம் வால்பக்கம் கயிறு கட்டியிருந்த இரும்புக் கொம்பு மரத்தோடு பெயர்ந்துகொண்டு வர, திரைகடல் வேந்தன் மொத்தமாகச் சேற்றில் விழுந்தது.

சேறு எழும்பியது. அவ்வளவு சேறு அவ்வளவு உயரம் எழும்பும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. மாமன்னரின் வேட்டி, ஏழு பொன்னாடை, தலைவியின் காஞ்சிபுரம், கேப்டனின் தொப்பி, எல்லாம் ஒரே நிறம். மீன் காயவைத்துக்கொண்டிருந்த பெண்கள் தரையில் உட்கார்ந்து சிரித்தார்கள்.

மாமன்னர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இதுவும் வழக்கமாவே?"

"இதுதான் விசேஷமே அண்ணாச்சி" என்றார் மிக்கேல்ராஜ். தான் என்ன சொல்கிறோம் என்று அவருக்கே கேட்கவில்லை. "கடல் மண்ணு மேல பட்டா யாவாரம் பெருகும்."

மாமன்னர் வேட்டியைத் தட்டப் போன கையை நிறுத்தினார். கன்னத்தில் இருந்ததை எடுத்து நெற்றியிலும் கொஞ்சம் வைத்துக்கொண்டார். இதைப் பார்த்ததும் பின்னாலிருந்தவர்கள் முன்னால் வரத் தொடங்கினார்கள். சேறு படாதவர்கள் பட்டவர்களிடம் கேட்டு வாங்கிப் பூசிக்கொண்டார்கள். "தள்ளாதீங்கோ, எல்லாருக்கும் இருக்கு" என்று தலைவி வரிசை ஒழுங்கு செய்தார்.

ஜாக்குலின் கணவரின் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டார். "நம்ம ஊர்ல இந்த வழக்கம் எப்பலேருந்து?"

"இன்னிக்கிலேருந்து."

சாப்பாடு முடிந்து கூட்டம் கலைந்தது. படகு சேற்றில், மீனவர்களின் படகுகளைப் போலவே, ஒழுங்காக உட்கார்ந்திருந்தது. ஹமீது ஒரு புதுக் கயிற்றோடு வந்தார்.

"கேப்டன் சாப், திரும்பக் கெட்டணுமா?"

மிக்கேல்ராஜ் யோசித்தார். காலையிலிருந்து நடந்ததை எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக எண்ணிப் பார்த்தார். தவறு எங்கே என்பது இப்போது அவருக்குப் பட்டவர்த்தனமாகத் தெரிந்தது.

"பாய், கெட்டினதாலதானே தொங்குச்சு?"

"ஆமா."

"அப்ப எதுக்குக் கெட்டணும்?"

"சஹி பாத், சரியாச் சொன்னீங்க" என்றார் ஹமீது, கயிற்றைச் சுருட்டிக்கொண்டே. "சேத்துல உக்காந்த வண்டி எங்க போவும்?"

மிக்கேல்ராஜ் நாற்காலிகளை அடுக்கி டெம்போவில் ஏற்றிவிட்டு, இதுதான் கடைசித் தடவை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போனார். அவர் போன கொஞ்ச நேரத்தில், வழக்கம்போல, யாரிடமும் சொல்லாமல் கடல் திரும்பி வந்தது.

திங்கட்கிழமை காலை அவர் செம்பூரில் வாஷி ரயில் ஏறினார். மான்குர்ட் தாண்டி ரயில் கழிமுகப் பாலத்தின் மேல் ஏறியது. கதவோரத்தில் நின்ற இரண்டு பையன்கள் செல்போனை நீட்டி எதையோ படமெடுத்தார்கள்.

"அபே, தேக், அங்க பாரு, படகு பார்க் பண்ணிட்டுப் போயிருக்கான்" என்றான் ஒருவன்.

மிக்கேல்ராஜ் எட்டிப் பார்த்தார். அலையாத்திச் செடிகளுக்கு நடுவில், நுனி இலைகளில் தலையை வைத்துக்கொண்டு, திரைகடல் வேந்தன் நின்றது. கொடி இப்போது நேராகப் பறந்தது. ஓர் ஆள் இல்லாமல், ஒரு டிக்கெட் இல்லாமல், அவருக்கு முன்னால் வாஷிக்கு வந்து சேர்ந்திருந்தது.

போன் அடித்தது. தலைவி.

"மிக்கேல், துறையில படகைக் காணுமாம். ஹமீது சொல்றார். எங்கே அது?"

"மேடம்."  மறைக்க இனி ஒன்றும் இல்லை என்று பட்டது. சொல்லிவிட்டால் என்ன? நாற்காலிதானே, பழகியதுதானே. "மேடம், படகு வாஷில இருக்கு. நான் கொண்டுவரல. தானா வந்துருக்கு. நான் கெட்டாம விட்டுட்டேன். எனக்குப் படகு கெட்டத் தெரியாது மேடம். கடலே தெரியாது. நான் ஆண்டாப் ஹில்காரன்."

 ரயில் பாலத்தின் இரும்புகளைத் தடதடவென்று கடந்தது.

"வாஷியா?" என்றார் சுப்புலக்ஷ்மி. குரலில் ஈரம் இருந்தது. "முதல் பயணத்துலயே கழிமுகம் கடந்துடுத்தா? மாலுமியே இல்லாம?"

"இல்ல மேடம், நான் சொல்றது என்னன்னா..."

"நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். உங்க தன்னடக்கம் எனக்குத் தெரியாதா? கட்டாம விட்டாத்தான் போகும்னு தெரிஞ்சுதானே விட்டேள்? அந்தக் காலத்துல கடாரம் கொண்டான்னு பட்டம் குடுத்தா. நாம வாஷி கொண்டான்னு குடுக்கறோம். வர்ற ஞாயித்துக்கிழமை பாராட்டு விழா. அண்ணாச்சி தலைமை."

 உண்மையைச் சொல்லிப் பார்த்தாயிற்று. அதையும் பொன்னாடையாகப் போர்த்திவிட்டார்கள். ஜெயித்தோமா தோற்றோமா என்று யோசித்துக்கொண்டு மிக்கேல்ராஜ் நின்றார். திரைகடல் வேந்தன் பின்னால் சின்னதாகி, செடிகளுக்குள் மறைந்தது.

"கேக்கறதா மிக்கேல்?" என்றார் தலைவி. "கூட்டம் ஜாஸ்தியா வரும். நாற்காலிக்கு மட்டும் நீங்களே சொல்லிடுங்கோ."